அந்த மோட்டாரை இப்போது ஓட்டாதே

மாப்ளே சரவணா,

ஏழு மாதமாக எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னிச்சுக்கோ. போனில் மூன்று தடவை கூப்பிட்டேன். வழக்கம்போல மாட்டுத்தொழுவத்தில் கிடக்கிறது போல. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே பெரியம்மா கையைத் தவிர எல்லாம் நலம்.

போன வருஷம் உன் மோட்டார் சல்லடைக்கு வரைந்து கொடுத்த அதே சர்க்யூட்டைத்தான் செல்லூரில் பெரியம்மாவின் நூல் சுற்றும் ராட்டைக்கும் போட்டிருந்தேன். போன செவ்வாய் மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கும் அர்டுயினோ அட்டையிலிருந்து வரும் சிக்னல் ஒயர் கழன்றுவிட்டது. மோட்டார் நிற்க வேண்டாமா? முழு வேகத்தில் பிய்த்துக்கொண்டு ஓடியது. நூல் விரலை அறுத்து, நாலு தையல்.

படத்தை எடுத்துப் பார். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுதான் மாஸ்ஃபெட்; அதன் கேட் என்கிற காலில் வோல்ட் ஏறினால் திறக்கும். 10 கே (பத்தாயிரம் ஓம்) ரெசிஸ்டர் அந்தக் கேட்டை சப்ளைக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிசி547 டிரான்சிஸ்டர் அதைக் கீழே இறக்கினால்தான் மோட்டார் நிற்கும். சிக்னல் போனால் இறக்க ஆளில்லை. வரைந்தவன் நான், தப்பு என்னுடையது.

நீ வேறு 24 வோல்ட்டுக்கு மாறப் போவதாகச் சொன்னாய். வேண்டாம்டா. நாம் போட்ட மாஸ்ஃபெட்டான ஐஆர்எஃப்இசட்44என் கேட் தாங்குவது 20 வோல்ட்தான். மீறினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு ஓட்டையாகிவிடும். வேகத்தைக் குறைக்க மாஸ்ஃபெட் விட்டு விட்டுத் திறந்து மூடுகிறதே, அந்தக் கீச்சுச் சத்தம் பிடிக்கவில்லை என்று அதை 20 கிலோஹெர்ட்ஸுக்கும் (விநாடிக்கு 20,000 தடவை) ஏற்றாதே. கேட் நிரம்ப 63 நானோகூலும் வரை மின்னூட்டம் வேண்டும். 12 வோல்ட்டில் 10 கே வழியாக வருவது ஒரு மில்லிஆம்பியர் சொச்சம். நிரம்பவே 60 மைக்ரோ விநாடி பக்கம் ஆகும். 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 50 மைக்ரோ விநாடிதான். பாதி திறந்தபடியே கிடந்து கொதிக்கும்.

பெரியம்மா ராட்டையில் இப்போது மாற்றிவிட்டேன். கேட்டை வேகமாக நிரப்பி இறக்கும் டிசி4420 டிரைவர் சிப், அதற்கு 7812 ரெகுலேட்டர் வழியாகத் தனியே 12 வோல்ட், கால் பக்கத்திலேயே 1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். கேட்டுக்கு 22 ஓம் வழியாகப் போகிறது. அரை மைக்ரோ விநாடிக்குள் நிரம்பிவிடுகிறது. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (மாஸ்ஃபெட்டின் கிரவுண்டு பக்கக் கால்) நடுவே ஒரு 10 கே, வோல்ட் மீறாமல் தடுக்க 15 வோல்ட் ஜெனர் டயோடு. டிரைவரின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கும் ஒரு 10 கே. ஒயர் கழன்றாலும் கேட் கீழேயே இருக்கும். மோட்டாருக்குக் குறுக்கே இருந்த 1என்4007 மெதுவானது, அதை எடுத்துவிட்டு வேகமான டயோடு போட்டேன்.

இவ்வளவு செய்தாலும் மாஸ்ஃபெட் எரிந்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் எரியும். அப்போதும் மோட்டார் ஓடும். அதனால் சப்ளையையே துண்டிக்கிற காலடி சுவிட்சு ஒன்று கட்டாயம் வேண்டும். பெரியம்மாவுக்கு முதலில் அதைத்தான் வைத்தேன்.

உன் சின்னவன் அந்தச் சல்லடைப் பக்கத்திலேயே நிற்பானே, நினைத்தாலே பதறுகிறது. ஞாயிற்றுக்கிழமை டவுன்ஹால் ரோட்டில் சாமான் வாங்கிக்கொண்டு நானே வருகிறேன். அதுவரை பேட்டரி ஒயரைக் கழற்றி வை. கழற்றிவிட்டேன் என்று இன்றைக்கே ஒரு போன் போடு.

உன்
முத்து