கண் நல்லா தெரியுதுன்னு இருந்துடாதே மக்கா

குலசேகரம்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் பால்வெட்டு முடங்கிக் கிடக்கிறது.

அண்ணனுக்குக் கண்ணுக்குள் ஊசி போட்டிருக்கிறோம். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர். பட்டையை மெல்லிசாகச் சீவுவார், கத்தி தடியைத் தொடாது. அவரே வெட்டுக்கோடு வளைஞ்சு தெரியுதுன்னு சொன்னார், மரத்திலும் காயம் விழ ஆரம்பித்தது. நாகர்கோவிலில் காட்டினோம். சுகரால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது. இத்தனை வருஷ சுகரில் ஒருதடவைகூட விழித்திரையைக் காட்டியதில்லை. கண்தான் நல்லா தெரியுதே என்பார்.

அதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை வெளிப்புறமாகப் பற்றியிருக்கும் செல்களுக்குப் பெரிசைட் என்று பெயர். சுகர் ஏறியே நின்றால் ஆரம்பத்திலேயே சாகிறவை இவை. இறந்தவர்களின் விழித்திரையிலிருந்து குழாய்களைப் பிரித்தெடுத்துப் பார்த்து 1961லேயே கோகன், குவாபரா குழுவினர் இதை எழுதிவிட்டார்கள். பெரிசைட் போன குழாயின் சுவர் தளர்ந்து குமிழ் விடும், கசியும். ரத்தம் எட்டாத பகுதி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து கசிவை இன்னும் கூட்டும். அண்ணனுக்குப் போட்ட ஊசி அதைத்தான் அடக்குகிறது. டாக்டர் கண்ணுக்கு முதல் குமிழ் தெரியும்போதே செல்களில் சேதம் நடந்து முடிந்திருக்கிறது, மக்கா. எனக்கு மனசு ஆறாதது அதுதான்.

அதனால்தான் ரத்தத்தில் சுற்றும், சிடி34 என்ற அடையாளப் புரதம் கொண்ட மூலச் செல்களிலும் கண்ணீரில் உள்ள புரதங்களிலும் முன்கூட்டியே அடையாளம் கிடைக்குமா என்று தேடுகிறார்கள். நம்ம தக்கலை லேபிலேயே கொஞ்சம் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்ளும் காலம் வரணும். அப்போது பால்வெட்டுக்காரனும் கடலுக்குப் போகிறவனும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கண்ணாஸ்பத்திரி வாசலில் உட்கார மாட்டான். ஆனால் அது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது.

இப்போதைக்குக் கையில் இருப்பது, சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்ப்பதுதான். உனக்கும் சுகர். வருஷம் ஒருதடவை பார்த்தே ஆகணும். மருந்து விட்டால் சில மணிநேரம் மங்கலாக இருக்கும், வெயிலில் கூசும். பைக்கை எடுக்காதே, வீட்டில் யாரையாவது கூட்டிப் போ. மூணு மாச சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு. அண்ணனுக்கு அடுத்த மாசம் இன்னொரு ஊசி இருக்கிறது, போட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
தங்கராஜ்