குடிசை குடிசையாகப் போனவர்களுக்கு

தென் சோமாலியாவின் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பெயர் பதிந்தவர்களுக்கும், மொழிபெயர்த்தவர்களுக்கும், புகார் கேட்டவர்களுக்கும் வணக்கம்.

2000இல் ஜிபூட்டியின் ஆர்ட்டா மாநாட்டில் பிறந்தது, சோமாலிய நாடாளுமன்ற இடங்களைக் குலவாரியாகப் பிரிக்கும் '4.5' கணக்கு: நான்கு பெரிய குலங்களுக்கு ஒவ்வொரு முழுப் பங்கு, மற்றவர்களுக்கு அரைப் பங்கு. பின்னர் அமைந்த கீழவையின் 275 இடங்களில் நான்கு பெரிய குலங்களுக்குத் தலா 61. பாந்து, பெனாதிரி, கபோயே போன்ற சிறுபான்மைக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 31. இந்த அரைப் பங்கு அவையோடு நிற்பதில்லை, உணவு மூட்டை வரை இறங்குகிறது. ஏறத்தாழ 2,60,000 உயிர்களைக் குடித்த 2011 பஞ்சத்தில் மிகுதியாக மாண்டவர்களில் பாந்து மக்களும் உண்டு. மழை மட்டுமா பொய்த்தது? பணம் அனுப்ப அவர்களில் பெரும்பாலோருக்கு வெளிநாட்டு உறவும் இல்லை.

அதனால்தான் உங்கள் வேலையைப் பெரிதாகச் சொல்கிறோம். முகாமைத் தன் பிடியில் வைத்திருக்கும் தரகர் நீட்டிய பட்டியலை வாங்காமல் குடிசை குடிசையாகப் போய் எழுதினீர்கள். தரகர் பட்டியலில், முகாமிலேயே இல்லாத குடும்பம் இருக்கும், முகாமில் இருக்கிற பாந்து குடும்பம் இருக்காது. குலத்தைப் பலர் முன்னால் கேட்கவில்லை. கேட்டால், அண்டிப் பிழைக்கும் பெரிய குலத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பிறகு சிறுபான்மையினர் என்றே ஒருவரும் கணக்கில் வரமாட்டார்கள்.

எங்களைக் கேட்டால் சிம் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம். உதவிப் பணம் கைபேசிக்கு வருகிறது. சிம் தரகர் பெயரில் இருந்தால் பணமும் அவருக்கே. சிம் யாருடையது, ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் தனியே கேட்டீர்கள். விநியோக நாளில் புகார் வராது. தரகர் பங்கு பிடுங்குவது கூட்டம் கலைந்த பிறகு. புகார் சொன்னது தெரிந்தால் குடிசையும் போய்விடும். சில நாள் கழித்து, தரகர் இல்லாத நேரம் பார்த்து, பெண்களை அனுப்பிக் கேட்டது அதனால் பலித்தது.

மாய் மொழி பேசுபவரிடம் அந்த மொழியிலும், ஜூபா கரையின் முசுங்குலி மக்களிடம் அவர்கள் மொழியிலும் பேசிய மொழிபெயர்ப்பாளர்களே, 2012 அரசியலமைப்பு மாய் மொழியை ஏற்றிருக்கிறது. படிவங்கள்தான் இன்னும் ஏற்கவில்லை.

பெரிய குலத்து மூத்தோர் சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். வழக்காற்று நீதியில் ஆண் கொலைக்கு ஈடு 100 ஒட்டகம் என்பார்கள். கேட்டு வாங்க ஆள்பலம் இல்லாத கபோயே குடும்பத்துக்கு அது வெறும் எண். அந்தக் குடும்பங்களுக்காக மரத்தடியில் உட்கார்ந்து வாதாடினீர்கள், ஐயா.

அடுத்த பதிவுக்கும் பழைய பட்டியலை நகலெடுக்காமல் வாருங்கள்.

நன்றியுடன்,
சோமாலியச் சிறுபான்மையினர் உரிமைக்காக உழைப்போர்