தாமிரம் சேர்த்ததும் ஒளி மங்கினால்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வரைபடத்தை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். கொழுப்புச் சவ்வுக் குமிழிகளில் தாமிர அயனியைச் சேர்க்கச் சேர்க்க, சவ்வில் கலந்த லார்டான் என்ற ஒளிரும் சாயத்தின் ஒளிர்வு இறங்கிக்கொண்டே போகிறது, கீழே "சவ்வு இறுகிவிட்டது அம்மா" என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

தாமிரம் கால்சியம் மாதிரி இல்லை. சாயத்தின் பக்கத்தில் வந்தாலே ஒளியைத் தணித்துவிடும், அதற்குச் சவ்வு மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. லார்டானிடம் பிரகாசத்தைக் கேட்காதே, நிறத்தைக் கேள். கொழுப்பு நெருக்கமாக அடுக்கியிருந்து தண்ணீர் உள்ளே புகாவிட்டால் 440 நானோமீட்டர் பக்கம் ஒளிரும், தளர்ந்து தண்ணீர் புகுந்தால் 490 பக்கம் நகரும். 440-இல் வரும் ஒளியின் அளவிலிருந்து 490-இல் வருவதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பார், இரண்டும் ஒரே விகிதத்தில் மங்கியிருந்தால் அந்த எண் அசையாது. உன் படத்தில் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

அதற்காகத் தாமிரம் ஒட்டவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாஸ்பாடிடைல்செரின் என்ற சவ்வுக் கொழுப்பின் தலைப்பகுதியில் அமைன் என்ற நைட்ரஜன் தொகுதி இருக்கிறது, அது புரோட்டானை இழந்த நிலையில் தாமிரம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அமிலத்தன்மை கூடினால் பிடி தளரும். ஆகவே பிஎச்சை மாற்றி ஒரு தடவை அள. செரின் இல்லாத, நிகர மின்னூட்டம் இல்லாத பாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்பால் ஆன குமிழியிலும் அதே அளவு தாமிரத்தைப் போட்டுப் பார். கடைசியில், உலோக அயனியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர். ஒளி திரும்பி வந்தால் சாயம் சேதமாகவில்லை. திரும்பாவிட்டால் நிறைவுறாத கொழுப்பைத் தாமிரம் ஆக்சிஜனேற்றம் செய்திருக்குமோ என்றும் யோசிக்க வேண்டிவரும்.

அப்புறம், எந்த பஃபரில், அதாவது பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலில், செய்தாய் என்று எழுதவே இல்லையே? உன் வயதில் நான் மூன்று மாதம் பாஸ்பேட் பஃபரில் கால்சியத்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒளிச்சிதறல் ஏறியது, குமிழிகள் ஒன்றோடொன்று இணைகின்றன என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு நாள் குவெட்டை, அதுதான் ஒளியை அளக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியை, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், அடியில் மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது, எல்லாம் கால்சியம் பாஸ்பேட். அன்று சாப்பாடு இறங்கவில்லை. ட்ரிஸ் என்ற பஃபரும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் நீ சேர்த்த அளவு முழுக்கச் சவ்வுக்குப் போயிருக்காது.

ஈ.டி.டி.ஏ. போட்ட பிறகு வரும் படத்தை, எப்படி வந்தாலும் சரி, அப்படியே அனுப்பு. 440, 490 இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுது, வகுத்த விடை மட்டும் எனக்குப் போதாது.

அன்புடன்,
அம்மா