வைரோவாவிலிருந்து மணப்பாட்டுக்கு

வைரோவா, நியூசிலாந்து
ஜூலை 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாலு மாதமாக ஒரு வரி எழுதாதவன் என்று லூர்து சித்தி சொன்னாளாமே. சொல்லட்டும், உண்மைதானே.

நம்மூரில் தேரி மணல் பறக்கிற நாளில் இங்கே புல்லெல்லாம் உறைபனி. முதியோர் இல்லத்தில் இரவு வேலையும் சேர்த்துக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அங்கே ஹீட்டர் உண்டு, அதற்காகத்தான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு மாவோரிக் கிழவர் கஹவாய் என்று ஒரு மீன் தருவார், கொஞ்சம் சூரை வாடை அடிக்கும். அம்மாவின் பக்குவத்தில் புளி விட்டுக் குழம்பு வைத்தேன். டின் தேங்காய்ப்பாலில் அந்த ருசி வருமா? ஆனால் கிழவர் மூக்கில் தண்ணீர் வடிய வடியத் தின்றார்.

அவர் ஒரு மாதிரியான ஆள். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மாஹியாவில் ராக்கெட் லேப் கம்பெனிக்காரன் 2017-லிருந்து ராக்கெட் விடுகிறான். 18 மீட்டர்தான் உயரம், 300 கிலோ தூக்கும். விடுகிற நாளில் அந்தப் பக்கக் கடலுக்கு யாரும் போகக் கூடாது. இவர் பிளாஸ்க்கில் டீயோடு கரையில் உட்கார்ந்துவிடுவார். கேட்பது ஒரே கேள்விதான்: "கொண்டையில என்ன வச்சிருக்கான்?" ராக்கெட் நுனியில் ஏற்றுகிற சரக்கைச் சொல்கிறார்.

2020 ஜனவரியில் ஏறியது அமெரிக்க உளவு நிறுவனத்தின் செயற்கைக்கோள். அடுத்த வருஷம் மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படையுடையது, பேரே 'கன்ஸ்மோக்', துப்பாக்கிப் புகை. 1987-லேயே சட்டம் போட்டு அணு ஆயுதக் கப்பலை உள்ளே விடாத நாடு இது! அமைச்சர் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினார்கள். மூடி முறுக்கிய டப்பாவுக்கு என்னத்தைப் பார்த்துக் கையெழுத்து என்கிறார் கிழவர். போர்விமானம் செய்கிற லாக்ஹீட் மார்ட்டின் 2015-லேயே இந்தக் கம்பெனியில் காசு போட்டிருக்கிறது. ரகசியமும் இல்லை, பேப்பரில் வந்ததுதான். "நாங்கதான் வாசிக்கல" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். எனக்கென்னவோ, ராத்திரியில் அது ஏறுவதைப் பார்த்தால் இதெல்லாம் மறந்துபோகிறது.

போன வாரம் காற்று அதிகம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள். கிழவர் சும்மா இராமல் கிழிந்த வலையை எடுத்துக் கட்டினார். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார் பார், அப்படியே அப்பா. நான் குளிருகிறது என்று சொல்லிக் காருக்குள் போய்விட்டேன்.

நம்மூர்ப் பக்கம் ராக்கெட் தளம் நிஜமாகவே வருமா என்று மச்சான் கேட்டதற்கு வருகிறேன். குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோ தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் போட்டாகிவிட்டது. அங்கிருந்து தெற்கே விட்டால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விடுவது போல இலங்கையைச் சுற்ற வேண்டாமே, விடுவார்களா அந்த இடத்தை? தனியார் ராக்கெட்டும் வரும். விடுகிற நாளில் வள்ளம் இறக்காதே என்பார்கள், இங்கேயும் அதேதான். கொண்டையில் என்ன என்று நாம் கேட்டால் சொல்லவா போகிறார்கள்? அந்த நாள் கூலி எவ்வளவு என்பதையாவது ஊர்க்கமிட்டியில் இப்போதே எழுதி வாங்கச் சொல். பைபர் படகை விற்க வேண்டாம். பனங்காட்டுக்குப் புரோக்கர் வந்தால் அம்மாவைக் கைநாட்டு வைக்க விடாதே.

செப்டம்பர் 14 திருநாளுக்கு நான் வருவேன் என்று செல்வியிடம் சொல்லிவிட்டாயாமே. டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு. இந்த மாதப் பணம் குறைவாக வந்தால் பயப்படாதே, பாங்கில் ஏதோ தாமதம். அம்மா வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டு. அடகு ரசீது அப்பாவின் பழைய பைபிளுக்குள் இருக்கிறது.

உன் தம்பி,
சேவியர்