மடிக்கணினியில் டோரன்ட்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் செய்முறைப் பாடத்துக்காகக் கொண்டுவந்த மடிக்கணினியில், அண்மையில் திரையரங்குக்கு வந்த படம் ஒன்று முழுவதும் இறங்கி முடிந்த பிறகும் டோரன்ட் மென்பொருள் (இணையத்தில் கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்து இறக்கிக்கொள்ள உதவுவது) ஓடிக்கொண்டிருந்ததைக் கணினி ஆசிரியர் கண்டு என்னை அழைத்தார். “பார்க்கத்தான் சார் எடுத்தேன், யாருக்கும் கொடுக்கவில்லை” என்றார் மாணவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், திரையில் மேல்நோக்கிய அம்புக்குறிக்குப் பக்கத்தில் இருந்த எண் எங்கள் கண்ணெதிரே ஏறிக்கொண்டே இருந்தது; அதாவது, அந்தக் கணினியிலிருந்து படம் பிறருக்குப் போய்க்கொண்டிருந்தது.

டோரன்டில் படம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அதை வைத்திருக்கும் பலருடைய கணினிகளிலிருந்து சிறுசிறு துண்டுகளாக வருகிறது. வந்து சேர்ந்த துண்டுகளை, கேட்கும் பிறருக்கு நம் கணினியும் உடனுக்குடன் அனுப்பத் தொடங்கிவிடுகிறது. 2004இல் தமிழ்நாட்டில் திருட்டு வீடியோ தொழில் செய்வோர் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டபோது விற்றவர் வேறு, வாங்கிப் பார்த்தவர் வேறு என்றிருந்தது (நானும் அந்நாளில் வாங்கிப் பார்த்தவன்தான்). டோரன்டில் அந்த இருவரும் ஒருவரே. அனுப்பும் கணினியின் ஐபி முகவரி, அதாவது அதன் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், மற்றவர்களுக்குத் தெரியும். வீட்டு இணைய இணைப்போ பெரும்பாலும் உங்கள் பெயரில் இருக்கிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக நோக்கம் இல்லாதபோது நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்றாலும், வழக்கு வழக்குதான். படம் என்ற பெயரில் வரும் எக்ஸ்இ (.exe), ஏபிகே (.apk) என்னும் செயலிக் கோப்புகளால் கணினியும் அலைபேசியும் பழுதாவது தனிக் கதை.

அந்த மாணவரைப் பள்ளி தண்டிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதற்காகவே அவர் அந்தப் படத்தை எடுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஆகவே, பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் முன், “புதுப்படம் இருக்கிறதா?” என்று அவர்களிடம் நாமே கேட்டிருக்கிறோமா என்று எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு மடிக்கணினியுடனும் பிள்ளையுடனும் கணினி ஆய்வகத்துக்கு வாருங்கள். அந்த மென்பொருளைக் கண்டறிந்து நீக்கும் முறையைக் கணினி ஆசிரியர் காட்டித் தருவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்