எத்தனை குஞ்சுகள் என்று எழுது

அன்பு மகனுக்கு,

பிப்ரவரி முதல் தேதியோடு ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி சுடும் சீசன் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிலாவது நீ பேசுவாய் என்று நானும் அப்பாவும் காத்திருந்தோம். காத்திருந்ததாக அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். தீனி டிரம்களைக் கழுவி அடுக்கவே பையனுக்கு நேரம் போதாது என்று தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சொல்வார். நீ அனுப்பிய இரண்டு வரியில், எல்லோரும் நலமா, இங்கே பனி அதிகம் என்று மட்டும் இருந்தது. ஸ்காட்லாந்தில், உன் பெர்த்ஷயரில் பனி விழுவதை நாங்கள் வானிலை அறிக்கையிலேயே பார்த்துக்கொள்கிறோம்.

இங்கே சீசன் பரவாயில்லாமல் முடிந்தது. கடைசிச் சனிக்கிழமையன்று வழக்கம்போல் கோலால் தட்டிப் பறவைகளை எழுப்பும் காடு கலைப்பவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, சேவல்களை மட்டும் சுட அனுமதித்தோம். நீ எப்போதும் நடத்தும் மேல்சரிவுக் கலைப்பை இந்த ஆண்டு பண்ணைக்காரர் மகன் நடத்தினான். வரிசையின் இடது முனை பின்தங்கியதை அவன் கவனிக்கவில்லை. பறவைகளில் பாதி பக்கவாட்டில் ஓடிப் பள்ளத்தில் இறங்கிவிட்டன. அப்பா ஒன்றும் சொல்லாமல் ஊதலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த நாளுக்கு நீ வராமல் இருந்தது இதுதான் முதல் முறை.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும், அப்பா சொல்ல மாட்டார். நவம்பரில் உன் எஸ்டேட்டில் பறவை சுட வந்த விருந்தினர் ஒருவர் ஜனவரியில் இங்கும் வந்திருந்தார். மதிய உணவின்போது, யாருடைய மகன் என்று தெரியாமலேயே உன்னைப் பற்றிப் பேசினார். சுடுபவர்கள் நிற்க நட்ட எட்டு முளைகளில் எந்த முளையில் நின்றவருக்கும் குறையில்லாமல், பறவைகள் ஒன்றும் இரண்டுமாக, நல்ல உயரத்தில், நிதானமாக வந்துகொண்டே இருந்தன என்றார். வேட்டைப் பறவை வளர்க்கும் கீப்பர்களில், மூலையில் எல்லாவற்றையும் குவித்து ஒரே மூச்சில் எழுப்பிவிடுபவர்களையே பார்த்துப் பழகியவர் அவர்; வரிசையை நிறுத்தி, கோலால் மரத்தைத் தட்டியபடி, பறவைகளைத் தாமாக நடந்து முன்னேற விடும் பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அப்பா நாய்களுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். நாய்களுக்கு நான் ஏற்கனவே தண்ணீர் வைத்திருந்தேன்.

ஆகவே உன் வேலையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. உன் முதலாளியின் கணக்கில்தான் எனக்குக் குறை.

கிறிஸ்துமஸ் அன்று நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், வரும் சீசனில் 20 வேட்டை நாட்களை, நாளொன்றுக்கு 250 பறவைகள் என்று அவர் விற்றிருக்கிறார். விழ வேண்டியது 5,000. விட்டதில் நூற்றுக்கு நாற்பது விழுந்தால் நல்ல கீப்பர் என்று ஊர் சொல்லும்; அந்தக் கணக்கில் நீ 12,500 குஞ்சுகளைக் காட்டில் விட வேண்டும். காட்டுக்குள் வேலியிட்டுக் குஞ்சுகளைப் பழக்கும் பட்டியில் ஒரு ஹெக்டேருக்கு 1,000 குஞ்சுகளுக்கு மேல் விடக்கூடாது, பழமையான காடு என்றால் 700 தான் என்பது நீயே எனக்குக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்து வாசித்துக் காட்டிய விதி. உன்னிடம் இருக்கும் இரண்டு பட்டிகளையும் நான் சுற்றி நடந்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து அந்தக் கணக்கின் பாதிக்குக்கூட வராது. மிச்சக் குஞ்சுகளை அவர் எங்கே வைக்கச் சொல்கிறார்?

நெருக்கிய பட்டியில் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜூலைக் கடைசியில் ஏழு வாரக் குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கிய முதல் வாரத்தில் ஒரு குளிர்மழை வந்தால் போதும், மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சு முட்டிச் சாகும். இரண்டாம் வாரத்தில் கழிச்சல் தொடங்கும். அதே மண்ணில் ஆண்டுதோறும் விட்டால் தொண்டைப்புழு வாயைப் பிளக்க வைக்கும், நீ தீனியில் மருந்து கலந்துகொண்டே இருக்க வேண்டும். பட்டியின் மின்வேலிக் கம்பியில் புல் உரசி மின்சாரம் இறங்கிப்போன ஓர் இரவில் நரி உள்ளே புகுந்தால், விடிகாலையில் கோணிப்பையோடு போக வேண்டியிருக்கும். இத்தனைக்கும் பிறகு, பட்டிக்கு மேலே பட்டப்பகலில் ஒரு பருந்து உட்கார்ந்திருக்கும். அது கண்ணில் படுவதால், முதலாளி வந்து நிற்கும்போது எல்லா நட்டத்தையும் அதன் பெயரில் எழுதிவிடுவது சுலபம்.

இங்கே எக்ஸ்மூரில் பருந்து என்றுமே அற்றுப்போனதில்லை. கிழக்கே பல மாவட்டங்களில் கீப்பர்கள் அதை அடியோடு ஒழித்த காலத்திலும் இந்த மேற்கு மூலையில் அது இருந்தது. நானும் அப்பாவும் அதன் கீழேதான் பறவை வளர்த்தோம். உன் தாத்தா அப்படி நினைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். கொட்டகைச் சுவரில் தொங்கிய அந்த இரும்புப் பொறியை இந்த மாதம் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கம்பத்தின் உச்சியில் பொறி வைப்பதை 1904-லேயே சட்டம் தடுத்துவிட்டது. ஆனாலும் அது நம் சுவரில் இத்தனை காலம் எண்ணெய் பூசித் தொங்கியது. சின்ன வயதில் நீ அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாய். இப்போது அந்த இடத்தில் நாய்ச் சங்கிலி தொங்குகிறது.

செய்தித்தாளில் உன் பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெயரைப் பார்த்தேன். முதுகில் கருவி பொருத்திய பொன்னிறக் கழுகு ஒன்றின் சமிக்ஞை திடீரென்று நின்றுவிட்டது, போலீசார் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது. நான் அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. கருவிகள் பழுதாவதும் உண்டு. பட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பட்டிக்குள் புதர் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வெயில் விழும் திறந்த இடம், ஒரு பங்கு தாழ்ந்த புதர், ஒரு பங்கு இரவில் ஏறி அடையும் மரம் என்று நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா சொல்லிவருகிறார். உன் கீழ்ப்பட்டியில் மரங்கள் உயர்ந்துபோய்த் தரை மொட்டையாக இருந்தது. அங்கே நிற்கும் குஞ்சு தட்டில் வைத்த சோறு போலத்தான் தெரியும். இலை விடுவதற்கு முன் ஹேசல் மரங்களை அடியோடு வெட்டிவிட்டால் ஜூலைக்குள் தழைத்துவிடும். ஸ்ப்ரூஸ் கிளைகளைக் குவியல் குவியலாகச் சாய்த்து வை. தண்ணீரும் தீனியும் புதருக்கு அடியில் இருக்கட்டும், பருந்து உட்காரும் பட்டமரத்துக்கு நேர் கீழே வேண்டாம். அந்தப் பட்டமரத்தை வெட்டிவிட்டாலே பாதித் தொல்லை தீரும். எல்லாக் குஞ்சுகளையும் ஒரே நாளில் இறக்காதே. மரத்தில் ஏறி அடையக் கற்றுக்கொள்ளும் வரைக்கும்தான் ஆபத்து, அந்த இரண்டு மூன்று வாரமும் விடிவதற்கு முன் நீ அங்கே நின்றால் போதும். இவை எல்லாவற்றையும் செய்த பிறகும் பருந்து சிலவற்றைத் தூக்கத்தான் செய்யும். தூக்கட்டும். குஞ்சு வாங்கும்போதே அதற்கும் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் நம் வழக்கம்.

அடுத்த வருடம் பருந்துத் தொல்லை இருக்காது என்று கிறிஸ்துமஸ் அன்று நீ சொன்னாய். எப்படி என்று நான் கேட்டேன். வான்கோழி நன்றாக வெந்திருந்ததா என்று நீ திருப்பிக் கேட்டாய்.

அப்பாவோடு இதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் ஸ்காட்லாந்துச் சட்டம் நம் ஊர்ச் சட்டம் போன்றதல்ல என்று அவராகவே ஒரு மாலையில் சொல்லத் தொடங்கினார். அங்கே 2012 முதல் கீப்பர் செய்யும் குற்றத்துக்கு நிலக்காரரும் பொறுப்பாக முடியும். அப்படி ஒரு நிலை வந்தால் எந்த நிலக்காரரும் முதலில் செய்வது, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கையை விரிப்பதுதான். 2020-இல் வந்த சட்டம் தண்டனையை ஐந்து ஆண்டுச் சிறை வரை உயர்த்தியிருக்கிறது. 2024-இல் கிரவுஸ் என்ற மலைப்பறவையைச் சுடுவதற்கே உரிமம் வேண்டும் என்றாகிவிட்டது. நீதிமன்றத்தில் தண்டனை கிடைக்கும் வரை காத்திராமலேயே அதைப் பறிக்கலாம் என்கிறார்கள். அதே ஆண்டில் நரிக்குக் கண்ணி வைப்பதையும் அங்கே நிறுத்திவிட்டார்கள். கீப்பருக்கு வேலை போனால் துப்பாக்கிச் சான்றிதழும் போகலாம், குடியிருக்கும் வீடும் அதோடு போகும். உன் வீட்டில் இப்போது நீ மட்டும் இல்லை. தொட்டில் வாங்கிவிட்டீர்களா என்று அவளிடம் கேட்டதாகச் சொல்.

இன்னொன்று. உனக்கு முன் அங்கே இருந்த கீப்பர் நீண்ட காலம் இருந்தவர். அப்படிப்பட்டவர்களின் கொட்டகையில் என்னென்னவோ மிச்சம் கிடக்கும். பெயர்ச்சீட்டு இல்லாத டப்பா, நீலக் குருணை, பழைய பயிர் மருந்து, எதுவாக இருந்தாலும் நீ கையால் தொடாதே. கார்போஃபியூரான் என்ற கொடும் நஞ்சுப் பூச்சிமருந்து இந்த நாட்டில் 2001-லேயே தடை செய்யப்பட்டது. ஸ்காட்லாந்தில் அதைப் பயன்படுத்தியிருக்கக்கூட வேண்டியதில்லை, வைத்திருப்பதே குற்றம். கொட்டகையைச் சுத்தம் செய்தபோது பழைய ஆள் விட்டுப்போன ஒன்றைக் கண்டேன் என்று நீயாகவே தகவல் கொடுத்து, வந்து எடுத்துப்போகச் சொல்லிவிட்டால், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். வசந்தகாலச் சுத்தத்துக்கு இது ஏற்ற சமயம். இந்த வாரமே செய்.

எண்ணிக்கைக்குத் திரும்புகிறேன். 1913 டிசம்பரில் ஹால் பார்ன் எஸ்டேட்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் கூட இருந்தவர்களும் ஒரே நாளில் 3,937 ஃபெசன்ட்களைச் சுட்டார்கள். துப்பாக்கி பிடிப்பதில் ஆசை தீராதவர் என்று பெயர் எடுத்த அந்த மன்னரே, இன்று சற்று அளவு மீறிவிட்டோம் என்ற பொருளில் திரும்பும் வழியில் மகனிடம் சொன்னாராம். உன் முதலாளி மன்னர் அல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முன் எஸ்டேட்டை வாங்கியவர், போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கிறார். அவரிடம் பருந்தைப் பற்றிப் பேசாதே. பட்டியின் பரப்பைப் பற்றிப் பேசு. 12 நாட்கள், நாளொன்றுக்கு 200 என்றால் விழ வேண்டியது 2,400, விட வேண்டியது 6,000. உன் இரண்டு பட்டிகளும் மூச்சுவிடும், பறவைகள் ஒதுங்க மக்காச்சோளமும் கேல் கீரையும் விதைத்த உன் மூன்று வயல்களும் ஜனவரி வரை தாங்கும், விருந்தினர்கள் பறவை பறப்பதைப் பார்த்து மறுபடி வருவார்கள். மிச்ச நாட்களின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும், வரட்டும். 2022-இல் பிரான்சில் பறவைக் காய்ச்சல் வந்து முட்டை வராமல் நின்றபோது எத்தனையோ எஸ்டேட்டுகள் நாட்களைக் குறைத்தன, சில அந்த ஆண்டு முழுவதையும் விட்டுவிட்டன. அப்பாவும் அந்த ஆண்டு பாதி நாட்களோடு நிறுத்திக்கொண்டார். விலை சொல்லிப் பழகியவர்களுக்கு இல்லை என்ற சொல்லைக் கேட்கவும் தெரியும்.

அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், இங்கே மேல்சரிவுக் கலைப்பு ஆளில்லாமல் கிடக்கிறது. அப்பாவின் முழங்கால் ஏற்றத்துக்கு ஒத்துழைப்பதில்லை. நம் எஸ்டேட்டில் சம்பளம் குறைவு, பறவைகளும் குறைவு. நீ போகும்போது சொன்னது எனக்கு மறக்கவில்லை, இந்தப் பள்ளத்தாக்கு ஒரு ஆளுக்கே போதாது என்றாய். சரி, அப்படியே இருக்கட்டும். கதவு பூட்டியில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

குஞ்சுப் பண்ணைக்கு இந்த மாதக் கடைசிக்குள் எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். பண்ணைக்குச் சொல்வதற்கு முன் எனக்கு எழுது. எத்தனை குஞ்சுகள், அந்த எண்ணை முடிவு செய்தது யார், இந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் போதும்.

மே மாதம் உங்கள் பக்கம் மக்காச்சோளம் விதைக்கும் சமயத்தில் நான் ரயிலில் வருகிறேன். அப்பாவையும் கூட்டி வரப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்பார், நாய்க்குட்டியைக் காட்ட வேண்டும் என்று சொன்னால் வந்துவிடுவார். இரண்டு பட்டிகளையும், கொட்டகையையும், மேலே மலைமுகடு வரைக்கும் உள்ள பாதையையும் எங்களுக்கு நடந்து காட்டு. மழைச்செருப்பு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு. பட்டமரத்தை வெட்டுவதற்கு முன் அதில் கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இருந்தால் மரம் அப்படியே நிற்கட்டும், தீனி டிரம்மை நகர்த்து.