ஓடைக்கு நடைபாலம் கேட்டு நான்காவது மனு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று மனுக்களுக்கும் ரசீது பத்திரமாக இருக்கிறது, பதில்தான் வரவில்லை. இடத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் மீன் பண்ணையைப் பார்க்க வந்தபோது இந்த ஓடைக் கரையில் நின்று "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே" என்று நீங்களே சொன்னீர்கள். அதே ஓடைதான் ஐயா. நீங்கள் நின்றது ரோட்டுப் பக்கம். தோடர்களான எங்கள் மந்தும் (குடியிருப்பும்) எருமைகளும் எதிர்க்கரையில்.

1. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் எங்கள் பழைய பாலம் போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டு கற்பூர மரக்கட்டைகளைக் கம்பியால் கட்டிப் போட்டு நடக்கிறோம். ஒவ்வொரு ஆடியிலும் ஒன்றாவது அடித்துக்கொண்டு போகும், மறுபடி வெட்டிப் போடுவோம்.

2. பால், பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாமே ரோட்டுப் பக்கம். தோடர் எருமை கறப்பதே கொஞ்சம், ஆனால் கொழுப்பு 8 சதவீதத்தைத் தாண்டும் பால். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வழுக்கும் கட்டையில் நடந்து வருவதற்குள் பால் வண்டி போய்விடுகிறது. சரி, இதையெல்லாம் முன்பே எழுதிவிட்டோம்.

3. இதுதான் புதிது, இதற்காகத்தான் இந்த மனு. போன மழையில் எங்கள் எருமை ஒன்றுக்குப் பிரசவ வலி வந்து பொழுது சாயும்வரை கன்று வரவில்லை, ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது, தலை உள்ளே மடங்கிக்கொண்டது. மேட்டில் ஏறிச் சிக்னல் பிடித்து மருத்துவருக்குப் போன் போட்டோம். நல்ல மனிதர், அந்த மழையிலும் ஜீப்பில் வந்துவிட்டார். கரைக்கு வந்தால் ஒரு கட்டை இல்லை. மீதி ஒன்றின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது. தோள்வரை கையுறையை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் இருபது அடிகூட இருக்காது ஐயா. என்ன செய்ய வேண்டும் என்று அங்கிருந்தே கத்தினார். ஓடை இரைச்சலில் "உள்ளே தள்ளு" என்றாரா "வெளியே இழு" என்றாரா என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நாங்கள் இழுத்தோம். முதலில் கன்றைத் தள்ளி, தலையை நேராக்கிவிட்டுத்தான் இழுத்திருக்க வேண்டும் என்று மறுநாள் அவர் சொன்னார். அதற்குள் கன்றும் இல்லை, தாயும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எத்தனை தூரத்தில் மேய்ந்தாலும் தலையைத் தூக்கிப் பார்க்கும் எருமை அது. பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் எருமைக்குப் பெயரா என்று யாராவது சிரிப்பார்கள். புலி அடித்திருந்தால் வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம். ஓடை தடுத்ததற்கு எந்தப் படிவத்தில் எழுதிக் கேட்பது?

4. வனத்துறை அனுமதி வேண்டும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள். 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ஐ ஒருமுறை பாருங்கள். கிராமசபை பரிந்துரைத்தால் சாலை போன்ற வசதிகளுக்கு ஒரு இடத்தில் 1 ஹெக்டேருக்குக் குறைவாக வன நிலத்தைத் தரலாம் என்று இருக்கிறது. நாங்கள் கேட்பது ஆள் நடக்கும் அகலம். ஒரு மரம்கூட வெட்ட வேண்டாம். நடைபாலம் சாலைக் கணக்கில் வராது என்றால் அதையாவது எழுதிக் கொடுங்கள், கையில் ஒரு காகிதம் இருக்கும்.

5. அப்புறம் அந்த டிரவுட் மீன். 1907-இல் வெள்ளைக்காரன் அதற்குப் பண்ணை வைத்தான். அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும், ஓடும் நீர் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். செய்யட்டும், மீன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. பரம்பரையாக மீன் சாப்பிடாதவர்கள் நாங்கள். ஆனால் இங்கே வருகிற எல்லோரும் டிரவுட் எவ்வளவு பெரிதாக வளரும் என்று கேட்கிறார்கள், அக்கரைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று இதுவரை ஒருவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை ஐயா. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, மனசு பொறுக்காமல் எழுதுகிறோம்.

6. நடைபாலம். வேறொன்றும் இல்லை.

எருமைகள் எப்படியாவது நீந்திவிடும். சினை எருமையையும் கன்றையும் அந்த வெள்ளத்தில் இறக்க முடியாது, மருத்துவரும் நீந்த மாட்டார். எங்கள் பக்கம் இன்னும் மூன்று எருமைகள் சினையாக நிற்கின்றன. இரண்டாவது கட்டையை மாசியில் மாற்றினோம், இன்னொரு மழை தாங்குமா என்று தெரியாது. ஜூனில் மழை பிடித்துவிட்டால் ஓடைக்குள் யாரும் இறங்கி வேலை செய்ய முடியாது, ஆகவே மே மாதத்துக்குள் ஒரு நடைபாலம் அமைத்துத் தருமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதற்குமுன் ஒரே ஒரு நாள் வந்து, ரோட்டுப் பக்கம் நிற்காமல், அந்தக் கட்டை வழியாக எங்கள் கரைக்கு நடந்து வாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிவர நான்கு பேர் நிற்போம். செருப்பு வேண்டாம், வழுக்கும்.

இப்படிக்கு,
ஓடைக்கு அக்கரை மந்து மக்கள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்